எலும்புக்கு என்ன விலை?

"எச்.ஐ.வி. கண்டவன் இனி எத்தனை நாள்?" என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. மாத்திரையை நாள் தவறாமல் விழுங்குகிறவர் இன்று மற்றவரைப் போலவே நரை திரை கண்டு வாழ்கிறார். ஆனால், பஞ்சுப் பொதி தூக்கி, நடவு நட்டுப் பிழைப்பவருக்கு உயிர் மட்டும் போதுமா? உழைக்க எலும்பு வேண்டாமா?

எச்.ஐ.வி. உள்ளவர்க்கு எலும்பு முறியும் அபாயம் மற்றவரைவிட அதிகம். கிருமியே எலும்பை நலிவிக்கிறது; அரை வயிற்றுச் சாப்பாடும், பீடியும், சாராயமும் அதற்குத் துணை போகின்றன. சிகிச்சை தொடங்கிய முதல் 2 வருஷத்தில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவிகிதம் வரை குறைகிறது. டி.டி.எப். என்ற டெனோபோவிர் மருந்தில் இந்தக் குறைவு கூடுதல்.

இதற்கு மாற்று இல்லையா? இருந்தது, தோழர்களே! அமெரிக்காவின் கிலியட் கம்பெனி டி.டி.எப். மருந்தை 2001-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டி.ஏ.எப். என்ற இன்னொரு வடிவமும் அதே கம்பெனியின் கையில் இருந்தது. முன்னதில் 300 மில்லிகிராம் செய்யும் வேலையைப் பின்னதில் 25 மில்லிகிராமே செய்துவிடுகிறது. எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு குறைவு. ஆனால் 2004-ல் கம்பெனி அந்த ஆராய்ச்சியை நிறுத்தியது. மருந்து கடைக்கு வந்தது 2015-ல்!

ஏன் நிறுத்தினார்கள்? பழைய மருந்தைக் காப்புரிமை தீரும்வரை கறந்துவிட்டுப் பிறகு புதியதை இறக்கலாம் என்ற லாபக் கணக்கே காரணம் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். கம்பெனி மறுக்கிறது: பழையதைவிடப் புதியது அப்படியொன்றும் மேலாகத் தெரியவில்லையாம்! ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டால் எப்படித் தெரியும்? பல வருஷம் கழித்து அதையே மறுபடி எடுத்து, எலும்புக்குக் கேடு குறைவு என்று விற்றவர்களும் இவர்கள்தானே! 2024-ல், 2,600-க்கு மேற்பட்டோரின் வழக்குகளை 4 கோடி டாலர் வரை கொடுத்து முடித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். தலைக்குச் சுமார் 15,000 டாலர்! ஓர் உழைப்பாளியின் எலும்புக்கு இதுதானா விலை?

அமெரிக்கச் சங்கதி நமக்கென்ன என்று இருக்க முடியாது. நமது ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகத் தரும் கூட்டு மாத்திரையிலும் டி.டி.எப். உண்டு. எவரும் அஞ்சி மாத்திரையை நிறுத்த வேண்டாம். உயிரைக் காப்பது அதுதான். நிறுத்தினால் கிருமி தலைதூக்கும். நாம் கேட்க வேண்டியது வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச எலும்பு அடர்த்திச் சோதனை வேண்டும். எலும்பு தேய்ந்தவர்க்கு மாற்று மருந்து வேண்டும். பாலும் முட்டையும் சேர்ந்த சத்துணவு வேண்டும்.

நோயைச் சொல்ல வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கும் வரை ஒன்றும் கிடைக்காது. உரத்துக் கேட்போம்!