வலவரும் எச்சரிக்கைக் குரலும்

தேர் செலுத்துவோனை வலவன் என்றனர் பழந்தமிழர். வானூர்தி செலுத்துவோர்க்கும் அப்பெயர் பொருந்தும். ஆண்டிமடத்து முந்திரித் தோப்பில் நின்று அண்ணாந்து நோக்கும் சிறுவனுக்கு வானம் தடையற்ற வெளியாகத் தோன்றும். ஆயின் அங்கும் வழிகள் உண்டு. உயர வரம்புகள் உண்டு. தரையிலிருந்து ஆணையிடும் கட்டுப்பாட்டாளரும் உண்டு. இவ்வொழுங்கு சிறிது பிறழினும் பேரழிவு நேரும்.

1996ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரிக்கு அருகே, சவூதி அரேபிய ஊர்தியும் கசகசுத்தான் ஊர்தியும் வானில் மோதின. 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டிய கசகசுத்தான் ஊர்தி, 14,000 அடியில் வந்த மற்றதன் உயரத்திற்கு இறங்கியதே காரணம். இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். அவ்வூர்திகளில் மோதல் தவிர்ப்புக் கருவி இல்லை. அதன்பின் இந்திய அரசு அக்கருவியைக் கட்டாயமாக்கிற்று.

அக்கருவி செய்வது யாது? அருகில் வரும் ஊர்தியை வானொலி அலைவழி வினாவி, அதன் தொலைவையும் உயரத்தையும் கணிக்கும். முதற்கண் வேற்றூர்தி அருகில் உள்ளதென விழிப்பூட்டும். அப்பொழுது வலவர் நாற்புறமும் நோக்கி ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்விழிப்பொலி ஒன்றையே கொண்டு வழிமாறுதல் ஆகாது. இடர் மேலும் நெருங்கின், இரு கருவிகளும் தம்முள் ஒத்திசைந்து, ஓர் ஊர்தியை ஏறுமாறும் மற்றதை இறங்குமாறும் ஏவும்.

கருவி ஒன்று கூற, கட்டுப்பாட்டாளர் வேறொன்று கூறின், எவர் சொல்லைக் கேட்பது? 2002ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் இரவு, செருமனி நாட்டு ஊபர்லிங்கன் நகருக்கு அருகே இவ்வினா எழுந்தது. உருசிய ஊர்தியைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். கருவியோ ஏறச் சொன்னது. வலவர் இறங்கினர். எதிர்வந்த சரக்கூர்தியின் வலவரும் தம் கருவியின் ஏவற்படி இறங்கினர். இரண்டும் மோதி 71 பேர் இறந்தனர். அவருள் பலர் பள்ளிச் சிறார்.

மனிதன் ஆக்கிய கருவிக்கு மனிதனே பணிவதா எனச் சிலர் வினவுவர். கட்டுப்பாட்டாளர் வானப்பரப்பைப் பரந்து காண்பவர் என்பதும் உண்மையே. ஆயினும் இறுதிச் சில நொடிகளில், மற்ற ஊர்திக்கு இடப்பட்ட ஏவலோடு பொருந்தக் கூறவல்லது கருவி ஒன்றே. அன்றிரவு தனியொருவராய் இரு திரைகளைக் கவனித்த கட்டுப்பாட்டாளர், கருவிகள் கூறியதை அறியார். மேலும், ஒருவர் பணிந்து மற்றவர் மீறின், பணிந்தவர்க்கும் பாதுகாப்பில்லை.

இதனை உணர்ந்தே உலக நாடுகளின் விமானப் போக்குவரத்து விதி பின்னர் ஐயமறத் தெளிவாக்கப்பட்டது. கருவியின் ஏவலை வலவர் உடனே, பதற்றமின்றி நிறைவேற்றல் வேண்டும். அதற்கு எதிர்த்திசையில் ஒருபோதும் செலுத்தலாகாது. செய்ததைக் கட்டுப்பாட்டாளர்க்கு அறிவித்து, இடர் நீங்கியபின் முன்னைய ஆணைக்கு மீள வேண்டும். நிலத்தில் மோதுதல் போன்ற வேறு பேரிடர் எதிர்ப்படின் மட்டுமே இவ்விதிக்கு விலக்குண்டு.

ஆராய்ந்து தெளிதல் அறிவுடையோர் கடன். அவ்வாராய்ச்சிக்கு உரிய காலம் பயிற்சிக் காலமேயன்றி, இடர் வந்து எதிர்நிற்கும் நொடியன்று. முன்னரே ஆய்ந்து ஏற்ற விதியைத் தயங்காது போற்றுதல் அடிமைத்தனமாகாது. தன்னை நம்பி ஏறிய உயிர்களுக்கு வலவன் ஆற்றும் அறம் அதுவே.