பணக்காரக் கம்பெனிக்கு எதற்கு மானியம்?

குழந்தைகளே! மானியம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? விவசாயிக்கு உரம், ரேஷன் கடை அரிசி... சரிதான். ஆனால், உலகின் பெரிய பணக்கார நிறுவனங்களுக்கும் அரசுகள் மானியம் தருகின்றன தெரியுமா? "பணம் இருப்பவருக்கு எதற்குப் பணம்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான்! பதிலைப் பார்ப்போம்.

குஜராத்தில் சனந்த் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் தொழிற்சாலை அமைக்க 2023ஆம் ஆண்டு முடிவானது. செல்போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் உயிர்நாடியான 'சிப்'களை வெட்டி, உறையிட்டு, சோதித்துப் பார்க்கும் தொழிற்சாலை அது. மொத்தச் செலவு 275 கோடி டாலர். இதை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மத்திய அரசு தருவது 50 ரூபாய். குஜராத் அரசு தருவது 20 ரூபாய். நிறுவனம் போடுவது 30 ரூபாய்தான்! இது கடன் அல்ல, மானியம். திருப்பித் தர வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு தர வேண்டும்?

கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு வந்தது. சிப் இல்லாமல் கார் தொழிற்சாலைகள்கூட உற்பத்தியைக் குறைத்தன. இந்தியா தனக்குத் தேவையான சிப்களில் பெரும்பகுதியை வெளிநாடுகளில் இருந்தே வாங்கி வந்தது. அதனால் 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2022இல் அமெரிக்காவும் இதற்காகத் தனிச் சட்டமே போட்டது. எல்லா நாடுகளும் "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று அழைக்கும்போது, மானியம் தராத நாட்டுக்கு நிறுவனங்கள் வரத் தயங்கும். ஒரு தொழிற்சாலை வந்தால் வேலை கிடைக்கும். அதைச் சுற்றிச் சிறு தொழில்களும் வளரும். சனந்தில் நேரடியாக 5,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லப்பட்டது.

ஏமாற்றமும் உண்டு!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2017இல் பாக்ஸ்கான் நிறுவனம் அங்கே 13,000 பேருக்கு வேலை தருவதாகச் சொன்னது. மாநில அரசும் சுமார் 300 கோடி டாலர் சலுகை தர ஒப்புக்கொண்டது. தொழிற்சாலைக்காக நிலம் எடுத்தார்கள், சாலை போட்டார்கள். சொன்னபடி வேலைகள் வரவில்லை. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். வேலை 1,454 பேருக்கு என்றானது. சலுகையும் 8 கோடி டாலராகச் சுருங்கியது.

அந்த மாநிலம் ஒரு விஷயத்தில் தப்பித்தது. எப்படி? 'வேலை கொடுத்த பிறகே சலுகை' என்று முன்பே நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆனால், நிலத்துக்கும் சாலைக்கும் செலவழித்த பணம் செலவழித்ததுதான்!

நம் நாட்டுத் திட்டத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நிறுவனம் தன் பங்கைச் செலவிடச் செலவிடத்தான் அரசின் பங்கும் போகும். மொத்தமாக முன்கூட்டியே தூக்கிக் கொடுப்பதில்லை.

மானியம் யாருடைய பணம்? நீங்கள் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டிலும் வரி இருக்கிறதே, அந்தப் பணம்தான். அதே பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாம், ஆஸ்பத்திரி கட்டலாம். அவற்றை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குத் தருகிறோம் என்றால், பலன் திரும்பி வர வேண்டும் அல்லவா?

ஆகவே, மானியத்தைத் தானம் என்று நினைக்காதீர்கள். விதை நெல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விதைத்தால் மட்டும் போதாது. முளைத்ததா என்று வயலுக்குப் போய்ப் பார்க்கவும் வேண்டும். இனிமேல் செய்தித்தாளில் 'இத்தனை கோடி மானியம்' என்று படித்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்காகத் தருகிறார்கள்? என்ன நிபந்தனை? சொன்னபடி நடந்ததா? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கச் சில வருடங்கள் ஆகும். மறக்காமல் கேளுங்கள்!