டீச்சர் விளையாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி மாடிப்படியில் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். வயது ஐந்து. கைப்பிடிக் கம்பிகள்தான் மாணவர்கள். கையில் ஸ்கேல். முதல் கம்பியிடம் கணக்குக் கேட்டாள், அது வாய் திறக்கவில்லை. "கையை நீட்டு" என்று ஒன்று வைத்தாள். அடுத்த கம்பிக்கு, "உனக்கு எத்தனை தடவை சொல்றது?" அது அவள் குரலே இல்லை. யாரோ ஒரு பெரியவரின் அலுத்துப்போன குரல்.

எனக்கு அது புதிதல்ல. எங்கள் ஊர்த் திண்ணைத் தூண்களை நானும் புளியம் விளாறால் விளாசியிருக்கிறேன்.

1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். 24 பேர் கண்முன் ஒரு பெரியவர், காற்றடைத்த பெரிய பொம்மையைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து மூக்கில் குத்தினார், சுத்தியலால் தலையில் அடித்தார். இன்னொரு 24 பேர் பார்த்த பெரியவர் பொம்மையைச் சீண்டவே இல்லை. மிச்சமுள்ளவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல நல்ல விளையாட்டுச் சாமான்களைக் காட்டி, ஆசையாகத் தொட்டதும், "இது உனக்கில்லை" என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. ஏமாற்றம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அடியைப் பார்த்த குழந்தைகள்தான் அதே மாதிரி உட்கார்ந்து, அதே வார்த்தைகளைச் சொல்லி அடித்தார்கள். மற்றவர்களிடம் அது அநேகமாக இல்லை. கோபம் தானாக வரும். அதைக் கையில் எடுப்பது எப்படி என்பதை யாராவது காட்டித் தர வேண்டியிருக்கிறது. குடி, வறுமை, உடம்பின் சுரப்பிகள் என்று வன்முறைக்கு வேறு காரணங்களும் உண்டுதான். இது ஒன்றுதான் நம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது.

1965-இல் பண்டூரா வெளியிட்ட இன்னொரு சோதனை இதைவிடக் கலங்கடிக்கிறது. அதில் குழந்தைகளுக்குத் திரைப்படம் காட்டினார்கள். அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். நல்லது என்று நாம் மூச்சு விடுவதற்குள், "பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு" என்றார்கள். அவர்களும் மற்றவர்களுக்குச் சளைக்காமல் செய்துகாட்டினார்கள். தண்டனை கையைத்தான் கட்டியிருந்தது. படித்த பாடம் உள்ளே பத்திரமாக இருந்தது.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட தலைமுறை நாங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் அது வராது. ஸ்வீடன் 1979-லேயே வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அப்போது அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என் மகனைக் கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறேன், மார்க் குறைந்ததற்கு, பால் கொட்டியதற்கு.

அவன் தன் மகளை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அவள் அடம்பிடிக்கும்போது அவன் வலது கை தோள்வரை எழும்பும். அங்கேயே நிற்கும். பிறகு அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான். அந்தக் கைக்கு எழும்பக் கற்றுக்கொடுத்தவள் நான். இறக்குவதற்கு அவனாகவேதான் கற்றுக்கொண்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.