மயில்கழுத்து நிறத்தில் பத்து நகங்கள்

நகப்பூச்சுக் குப்பியின் அடியில் ஒட்டியிருந்த ஆங்கிலப் பெயரை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லப்போவதில்லை. கடற்கன்னியையும் நள்ளிரவையும் சேர்த்து யாரோ ஒரு விற்பனையாளர் கட்டிய பெயர் அது. தமிழில் அந்நிறத்துக்கு மயில்கழுத்து என்ற சொல் ஏற்கெனவே உண்டு. பாவில் ஒரு நிறமும் ஊடையில் மற்றொரு நிறமும் கொடுத்து, அசையும்போது நீலமும் பச்சையும் மாறிமாறித் தோன்ற நெய்த பட்டுக்கு நம் நெசவாளர் வழங்கும் பெயர். புடவைக்கு இருந்த சொல் நகத்துக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் எங்கள் சோதனை தொடங்கிற்று.

நம் மரபு நகத்துக்கு அளித்தது சிவப்பு ஒன்றையே. செம்பஞ்சுக் குழம்பு, அலத்தகம், மருதாணி எல்லாம் அவ்வழியே. மருதாணியின் சாயம் நகத்தின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை போகாது. ஆனால் அது செம்மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்புவரைதான் போகும். நீலத்துக்கு வழியில்லை. குப்பிப்பூச்சோ நகத்தின்மேல் படிந்து காயும் மெல்லிய ஏடு மட்டுமே. கார்களுக்கு அடிக்கும் பூச்சின் ஒன்றுவிட்ட தங்கை என்றாலும் தவறில்லை.

மினுமினுப்பின் கதை வேறு. மயிலிறகை நீரில் நனைத்தால் அதன் நிறங்கள் மறைவதை ராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்த நீலம் சாயமன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறிக் கூடுவதால் பிறப்பது. எங்கள் குப்பியில் இருந்ததும் ஏறக்குறைய அத்தகைய வித்தையே. காக்காப்பொன் எனும் மைக்காவின் நுண்செதில்கள்மீது டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லியதாகப் படிய வைக்கிறார்கள். படிவின் கனத்தைப் பொறுத்து மின்னும் நிறம் மாறுகிறது.

கூடலூரை அடுத்த ஓவேலியில், சூண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசிப் பார்த்தோம். மலைக்குளிரில் பூச்சு காயச் சமவெளியைவிட நேரம் பிடித்தது. அடுத்த வீட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, தாமும் கையை நீட்டினார். இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி, தேயிலைப் பால் கறுத்துப் படிந்த விரல்கள்.

“கறைக்கு மூடி போட்டாப்புல இருக்கு, தங்கச்சி” என்றார்.

அவரது கையில்தான் நிறம் உண்மையில் எடுத்தது. எங்கள் வெளிறிய விரல்களில் பொம்மைக்கடைச் சாமான்போலத் தெரிந்த அதே பூச்சு, அந்தக் கருமையின் பக்கத்தில் பொன்வண்டின் சிறகாயிற்று. திங்கள் மாலைக்குள் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் பெயர்ந்துவிட்டது, கிள்ளுவது அவ்விரண்டும்தாமே. சிறுவிரலில் வியாழன்வரை நின்றது.

தோட்ட வேலைக்காரிக்கு நகப்பூச்சு எதற்கு என்று எங்களிடம் கேட்ட நண்பர்கள் உண்டு. படித்தவர்கள், முற்போக்கு பேசுபவர்கள். கூலி போதாது என்பது அவர்கள் வாதம். போதாதுதான். ஆனால் போதாத கூலிக்காரி அழகையும் விட்டுத்தர வேண்டும் என்பது எந்த நியாயம்? அலுவலகம் செல்லும் பெண்ணிடம் இக்கேள்வியை ஒருவரும் கேட்பதில்லையே. உழைக்கும் கை என்று கவிதையில் போற்றிவிட்டு, அக்கை தனக்கென ஒரு நிறம் கேட்டால் முகம் சுளிப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதி வட்டாரங்களில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் குழந்தைகளும் இறங்கி மைக்கா பொறுக்குகிறார்கள். அக்குழிகளில் சிறுவர்கள் இறப்பதும், சட்டவிரோதச் சுரங்கம் என்பதால் அச்சாவுகள் மறைக்கப்படுவதும் ராய்ட்டர்ஸ் புலனாய்வால் 2016இல் வெளிவந்தன. அதன்பின் நிறுவனங்கள் கூட்டமைப்பு கண்டன. ஆய்வகத்தில் செய்யும் செயற்கை மைக்காவுக்குச் சில மாறின. எனினும் எங்கள் குப்பியைத் திருப்பிப் பார்த்தால் மூலப்பொருள் வரிசையில் மைக்கா என்ற ஒற்றைச் சொல்தான், எவ்வூர் என்பது இல்லை. நீலகிரித் தேயிலை என்று பொட்டலத்தில் அச்சிட்டு ஊரின் பெயரை விற்கத் தெரிந்த வணிகத்துக்குக் குப்பியில் கிரிதி என்று எழுத இடமில்லாமல் போகாது. அடுத்த குப்பியை அப்படி எழுதியவரிடமோ, செயற்கை மைக்கா என்று வெளிப்படையாகச் சொல்பவரிடமோதான் வாங்குவதென்று இருக்கிறோம். அந்த அக்காவுக்கும் ஒன்று சேர்த்து.