தண்ணீரில் நடக்கும் குதிரைக்கு நாள் குறிக்காதீர்கள்

காலில் அடிபட்ட பந்தயக் குதிரையைத் தண்ணீர் ட்ரெட்மில்லுக்குக் கொண்டுவரும் உரிமையாளர்கள் முதலில் கேட்பது, “திரும்ப எப்போது ஓடும்?” என்பதைத்தான். இங்கிலாந்தில் குதிரைகளுக்கு இயன்முறை சிகிச்சை தருகிறேன். இந்தக் கருவியை முழுதாக நம்புகிறேன். குணமாகும் காலத்தைச் சுருக்க அதைப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

குளம்பைச் சுத்தம் செய்து, வாலை முடிந்து, பக்கவாட்டில் கண்ணாடி பதித்த தொட்டிக்குள் குதிரையை நடத்திப் போவோம். தொட்டியின் அடியில் உள்ள பட்டையை மெல்ல ஓடவிட்டுத் தண்ணீரை ஏற்றுவோம். குளம்புக்கு மேலுள்ள மூட்டளவு நீர் இருந்தால், குதிரை ஒவ்வொரு காலையும் நீருக்கு வெளியே தூக்கித் தூக்கி வைக்கும். நீர் முழங்காலைத் தாண்டினால் தூக்குவதை விட்டு, நீரைத் தள்ளிக்கொண்டு நடக்கும். ஒவ்வொரு எட்டும் நீளும், அடி வைக்கும் வேகம் குறையும். இன்னும் ஆழமானால் முதுகின் வளைவும் இடுப்பின் அசைவும் மாறும். ஹார்ட்பரி பல்கலைக்கழகத்தின் காத்ரின் நான்கெர்விஸ் போன்றோர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு குதிரைக்கு மருந்தாகும் ஆழம், முதுகு வலியுள்ள இன்னொன்றுக்குக் கெடுதலாகலாம். எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு நீர் வைக்கும் லாயத்தில் கருவி இருந்தும் பயனில்லை.

எனக்குப் பெரிய கவலை தசைநாண்தான். முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாண் கிழிந்தால் ஆற 9 மாதம், ஒரு வருடம்கூட ஆகும். ஆறிய இடத்தில் வடுத்திசுதான் இருக்கும். பழைய நெகிழ்வு முழுதாகத் திரும்புவதில்லை. ஆனால் இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே தேறிவிடும். மினுமினுக்கும் தோலும் துள்ளலுமாக நிற்கும் குதிரையைப் பார்த்ததும் பயிற்சியாளருக்குக் கை பரபரக்கிறது. காலுக்குள் இருக்கும் காயம் அவர் கண்ணுக்குத் தெரியாது. எலும்பின் கதை வேறு: அது உறுதிப்பட தரையின் அதிர்வு வேண்டும். நீர் அதிர்வைக் குறைக்கிறது. அதனால் தரைநடையையும் படிப்படியாகக் கூட்டியே ஆக வேண்டும்.

ஓட்டத்துக்கு அனுப்பும் முன் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கட்டாயம் என்று எல்லா லாயங்களும் விதி வைக்க வேண்டும். படத்தில் தசைநாணின் நடுவே கறுப்பாகத் தெரியும் திட்டை உரிமையாளருக்கே காட்டுகிறேன். அது நிரம்பி, நார்கள் வரிசைப்படும் வரை பந்தயத் தேதியைப் பற்றி நான் பேசுவதில்லை.