குழந்தைப்பேறு சிகிச்சையைக் காப்பீட்டு அட்டைக்குள்ளும் எங்கள் மாவட்டத்துக்கு அருகிலும் கொண்டுவரக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவி, செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மகளிர் தொழிலாளர் சங்கம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

வழி: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், நாகப்பட்டினம்.

பொருள்: குழந்தையின்மை சிகிச்சை – முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முழுமையாகச் சேர்த்தல் – தஞ்சாவூர் அரசு இராசா மிராசுதார் மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் அமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் மீன் கூடை சுமப்பவர்கள், இறால் உரிப்பவர்கள், கருவாடு காயவைப்பவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். கூலி, வீட்டுமனைப் பட்டா, தடைக்கால நிவாரணம் என்று பல மனுக்களை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். பிள்ளையில்லாத துயரத்தை மனுவாக எழுதுவது இதுதான் முதல்முறை. இதெல்லாம் வீட்டுக்குள் பேசுகிற சங்கதி, சர்க்காரிடம் கேட்கிறதா என்று எங்களுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. பொதுக்குழுவில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, எந்த ஊசிக்காக எந்த நகை அடகுக்குப் போனது என்று சொல்ல ஆரம்பித்த பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது.

கருத்தடை ஏதுமில்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காத நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய் என்றே வரையறுக்கிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்த நிலையைச் சந்திக்கிறார் என்று 2023-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, கருக்குழாய் அடைப்பு, கருப்பையைத் தாக்கும் காசநோய் எனக் காரணங்கள் பல. ஏறத்தாழ பாதித் தம்பதியரில் ஆண் பக்கக் குறையும் சேர்ந்தே இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊர்களில் வளைகாப்பில் பின்வரிசையில் உட்காரவைக்கப்படுவது பெண்தான். “இன்னொன்று கட்டி வைக்கலாமா” என்று மாமியார் வீட்டில் பேச்சு எழுவதும் அவள் காதுபடத்தான்.

நாங்கள் நாகூர் தர்காவுக்கும் போகிறோம், வேளாங்கண்ணியிலும் தொட்டில் கட்டுகிறோம், திருக்கருகாவூர் அம்மன் கோயில் நெய்யும் வாங்கிச் சாப்பிடுகிறோம். அந்த நம்பிக்கைதான் பல வருடங்களாக எங்களைத் தாங்கி நிற்கிறது. ஆனால் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். அந்த மருத்துவரிடம் போய்ச் சேரும் வழியைத்தான் அரசிடம் கேட்கிறோம்.

செலவு நிலவரம் துறை அறியாததல்ல. தனியார் மையத்தில் ஒரு செயற்கைக் கருத்தரிப்பு (ஐ.வி.எஃப்.) சுழற்சிக்கு 2 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. விளம்பரத்தில் போடும் தொகை வேறு, கடைசி பில் வேறு. ஊசி மருந்து, மயக்க மருந்து, கருவை உறைய வைக்கும் கட்டணம், வருடாவருடம் அதைப் பாதுகாக்கும் கட்டணம் எல்லாம் பின்னால் வந்து சேரும். இத்தனைக்குப் பிறகும், 35 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு நல்ல மையத்தில்கூட ஒரு சுழற்சியில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். வயது ஏற ஏற அது இறங்கும். ஆகவே ஒரு முறை என்பது பெரும்பாலானோருக்குப் போதாது. முதல் முறைக்குத் தாலிக்கொடி, இரண்டாம் முறைக்கு மகளிர் குழுக் கடன், அதற்கும் மேல் கந்துவட்டி என்பது எங்கள் உறுப்பினர்கள் பலரின் கதை.

விசைப்படகில் போகும் ஆண்கள் பல நாள் கடலில் தங்குகிறவர்கள். விந்தணுப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அவர்கள் நிச்சயமாகக் கரையில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். வீட்டில் கடல் வருமானம் அறவே இல்லாத நாட்களும் அவைதான். கடலோர மக்களுக்குச் சிகிச்சைத் திட்டம் வகுப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைக்க வேண்டுகிறோம்.

இனி, பணத்துக்கு நிகரான இன்னொரு தடை: தூரம். எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையில் 2024-இல் அரசு செயற்கைக் கருத்தரிப்பு மையத்தைத் தொடங்கியது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் மையம் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் மனமார வரவேற்கிறோம். ஆனால் இந்தச் சிகிச்சை ஒருநாள் போய்த் திரும்புகிற வைத்தியம் இல்லை. மாதவிலக்கான இரண்டாம், மூன்றாம் நாளில் ஊசி தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் குறித்த நேரத்தில் போட வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். முட்டை முதிர்ந்ததும் போடும் கடைசி ஊசியிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு, இரவு ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார்ந்து போகிற பெண்ணால் இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்க முடியாது. போனால் அங்கேயே தங்க வேண்டும். தங்கினால் வாடகை, சாப்பாடு. இருவருக்கும் கூலி போய்விடும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் தனியார் மையத்தில் வாங்கிய ஊசிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கட்டி வாங்கி, மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டியைக் கழுவி, ஊசிகளை பாலித்தீன் பையில் சுற்றி ஐஸ் மேல் வைத்தார். பனியில் மருந்து உறைந்தால் அது கெட்டுப்போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத விவரம். மறுநாள் ஊசி போட வந்த செவிலியர் குப்பியைப் பார்த்துவிட்டு, இதைப் போட முடியாதம்மா என்று சொல்லிவிட்டார். அந்த மாதச் சுழற்சியே நின்றது. ஊசியை உரிய குளிரில் வைத்துப் போடக்கூடிய ஆரம்ப சுகாதார நிலையம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

முதலாவதும் முதன்மையானதும் காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஐ.யு.ஐ. (கருப்பைக்குள் விந்தணு செலுத்துதல்), ஐ.வி.எஃப்., இக்சி (முட்டைக்குள் விந்தணு செலுத்துதல்) ஆகிய சிகிச்சைகளை ஊசி மருந்து, ஸ்கேன், ஆய்வகம், கரு உறைவித்தல் உட்பட முழுத் தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். தகுதியுள்ள ஒவ்வொரு தம்பதியருக்கும் குறைந்தது மூன்று சுழற்சி அனுமதிக்க வேண்டும். இது புதுமையான கோரிக்கை அல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் சுழற்சிக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுழற்சிக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு 2011 முதலே உண்டு. மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு நியாயமானது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் காப்பீட்டு அட்டைக் குடும்பத்துக்கு ஏன் நியாயமில்லை என்பதற்கு எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. சொந்தக் காசில் தனியார் காப்பீடு எடுத்தவர்களுக்கும் வழியில்லை. பெரும்பாலான பாலிசிகளில் மலட்டுத்தன்மை சிகிச்சை நிலையான விலக்குகளில் 17-ஆவதாக அச்சிடப்பட்டிருக்கிறது. இதை மறுபரிசீலனை செய்யுமாறு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மாநில அரசு எழுத வேண்டும்.

வட்டி குறைந்த கடன் கேட்கலாம் என்று பொதுக்குழுவில் சிலர் யோசனை சொன்னார்கள். அதைச் சங்கம் ஏற்கவில்லை. சுழற்சி தோற்றால் கையில் மிஞ்சுவது கடன் மட்டும்தான். நாங்கள் கேட்பது சிகிச்சை.

கருவுற்ற பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி தருகிற அரசு இது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து பெயரைப் பதிந்து, பிக்மி என்ற கர்ப்பகாலப் பதிவு எண் வாங்கித் தந்து, பிரசவம் வரை கூடவே நிற்கிறார். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறவே வழியில்லாத பெண் பற்றித் துறையிடம் ஒரு பதிவேடும் இல்லை. திருமணமாகி ஓராண்டு கடந்தும் கருத்தரிக்காத தம்பதியரை, விருப்பமுள்ளோரை மட்டும், அதே செவிலியர் வழியாக ரகசியம் காத்துப் பதிவுசெய்து சிகிச்சைக்கு அனுப்பும் முறையை ஏற்படுத்த வேண்டும்.

இரண்டாவது, தஞ்சாவூர் அரசு இராசா மிராசுதார் மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டப் பெண்களும் சிக்கலான பிரசவத்துக்குத் தேடிப்போவது அந்த மருத்துவமனையைத்தான். மகப்பேறு மருத்துவர்களும் பயிற்சி மருத்துவர்களும் அங்கே இருக்கிறார்கள். கருவியல் ஆய்வகமும் கருவியல் நிபுணரும் தேவை. மையம் அமையும் வரை, எழும்பூரில் சிகிச்சை பெறுவோர் ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுத்து, முடிவை அங்கிருந்து அனுப்ப அனுமதிக்க வேண்டும். தினசரி ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிய குளிரில் வைத்துச் செவிலியரே போட ஆணை பிறப்பிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

மூன்றாவது, வட்ட மருத்துவமனைகளில் வாரம் ஒருநாள் குழந்தையின்மைப் புறநோயாளர் பிரிவு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை தொடங்க வேண்டும். பெண்ணுக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு ஆணைக் கூப்பிடும் வழக்கம் ஒழிய வேண்டும். தைராய்டு மாத்திரையிலும் தொற்றுக்கான மருந்திலும் குறை தீரக்கூடிய பலருக்கு ஐ.வி.எஃப். வரை போகவே தேவையிருக்காது.

நான்காவது, தனியார் மையங்கள் மீதான கண்காணிப்பு. 2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, அந்த மையத்தில் வெற்றி வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, பக்கவிளைவு என்ன என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லியாக வேண்டும். குறைதீர் பிரிவும் இருந்தாக வேண்டும். கட்டணப் பட்டியலைத் தமிழில் வரவேற்பறையில் மாட்டவும், பதிவுபெற்ற மையங்களின் பட்டியலை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டவும், “நூறு சதவீத உத்தரவாதம்” என்று விளம்பரம் செய்வோர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருகிறோம். 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கருமுட்டை தானம் செய்யலாம் என்பது சட்டம். அப்படியிருந்தும் 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற கொடுமை வெளியே வந்தது. குழந்தை வேண்டும் என்று தவிக்கும் எங்கள் பெண்களின் பெயரால் இன்னொரு ஏழை வீட்டுப் பெண் சுரண்டப்படுவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஐந்தாவது, மனநல ஆலோசகர். கருவை உள்ளே வைத்த பிறகு இரத்தப் பரிசோதனை வரை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். முடிவு பெரும்பாலும் தொலைபேசியில் ஒற்றை வரியில் வருகிறது. இறால் உரிக்கும் கொட்டகையில் நின்றுகொண்டே அதைக் கேட்டவர்கள் எங்களில் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் இதற்கென ஓர் ஆலோசகரை நியமிக்க வேண்டும். சிகிச்சையை நிறுத்திவிட்டுத் தத்தெடுக்க முடிவுசெய்வோருக்கு, இணையப் பதிவுக்கு உதவும் மேசை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேண்டும்.

ஐயா / அம்மையீர், இந்த மாவட்டத்துக்கு அரசு இதற்கு முன்பும் இப்படி ஒரு துணை செய்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் பலர் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு தன் செலவில் செய்து கொடுத்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம் அரசு தலையிட வேண்டிய விஷயம்தான் என்பதை அந்த உதவியே நிலைநாட்டிவிட்டது. அந்த முன்னுதாரணத்தின் மேல் நின்றே இம்மனுவைத் தருகிறோம்.

நிதித்துறையின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கக் காலம் பிடிக்கலாம் என்பது தெரியும். ஊசி போடுவதற்கான சுற்றறிக்கையையும் வட்ட மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவையும் அதுவரை நிறுத்திவைக்க வேண்டாம். மற்றவை குறித்துப் பேச, எங்கள் பிரதிநிதிகளுக்கு, சிகிச்சை பெற்ற பெண்கள் இருவர் உடன்வர, தாங்கள் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் பெயரும் முகமும் வெளியே வராதபடி அந்தச் சந்திப்பு மூடிய அறையில் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைவி, செயலாளர், பொருளாளர்
(சங்க முத்திரையுடன்)

இடம்: நாகப்பட்டினம்

இணைப்பு: பொதுக்குழுத் தீர்மான நகல், பெயர் மறைத்த மருத்துவச் செலவுச் சீட்டுகளின் நகல், உறுப்பினர் கையொப்பங்கள்.

நகல்: திட்ட இயக்குநர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், முதல்வர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, மாவட்ட சுகாதார அலுவலர், நாகப்பட்டினம்.