சேமிக்கச் சொல்லுமுன் தெரியக் காட்டுங்கள்: மின்சிக்கனம் பற்றி எமது நிலைப்பாடு

நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இயங்கும் எமது அமைப்பு, மின்சிக்கனம் பற்றிய தன் நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறது. மீட்டரும் பில்லும் இயந்திரப் பலகையும் பாவிப்பவருக்கு விளங்கும்படி அமையாதவரை, சிக்கனமாகப் பாவியுங்கள் என்ற அறிவுரையால் பெரிய பயன் இல்லை.

லயத்துச் சுவரில் இருக்கும் மீட்டர், ஆரம்பத்திலிருந்து ஓடிய மொத்த யூனிட்டைத்தான் காட்டுகிறது. இந்த மாதம் எவ்வளவு ஓடியது என்று அறிய, போன மாத பில்லைத் தேடியெடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்பையும் பிள்ளைகளையும் பார்ப்பவர் இதையும் செய்வாரா? ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 யூனிட் என்பது பெரிய எல்லை. அதைத் தாண்டினால் மிகுதி யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே வீடு வேறு கட்டண வரிசைக்குப் போய்விடுகிறது. 61ஆவது யூனிட் ஓடிய அன்று அது யாருக்கும் தெரியாது. பில் வந்தபிறகு தெரிந்து ஆவதொன்றுமில்லை.

இதற்குப் புதிய மீட்டர்கூடத் தேவையில்லை. இம்மாத வாசிப்பு 4817 என்றால், "மீட்டர் 4877 காட்டும்போது 60 யூனிட் முடியும்" என்று பில்லில் பெரிய எழுத்தில், தமிழில், ஒரு வரி அச்சிட்டால் போதும். அந்த எண்ணைச் சுவரில் கரியால் எழுதிவைத்தால், பள்ளிப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும்.

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், விடயம் இன்னும் பெரிது. கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் மணிக்கணக்கில் ஓடுகின்றன, பல நாட்களில் இரவிரவாக. விசிறி இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே செலவு ஏறக்குறையப் பாதியாகும். கொழுந்து வாட வாட அவ்வளவு காற்றும் தேவைப்படாது. வேகத்தை மாற்றும் கருவி பொருத்திய ஸ்டோர்களும் உண்டு. ஆனால் அத்தகைய பலகைகளில் வழக்கமாகத் தெரிபவை ஆங்கிலச் சுருக்கங்களும் 50 என்ற எண்ணும்தான். கொழுந்தைக் கையில் அள்ளிப் பிடித்தே பதம் சொல்லக்கூடியவர், அந்தப் பொத்தானைத் தொடத் தயங்குவதில் என்ன வியப்பு? கொழுந்து கெட்டால் அவரிடம்தானே கேட்பார்கள்! ஈரக் கொழுந்து, பாதி வாட்டம், முக்கால் வாட்டம் என்று மூன்று நிலைகளைத் தமிழில் எழுதிய ஒரு குமிழை அவர் கையில் கொடுங்கள்.

தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் பிடிபடாது என்பவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுகிறோம். அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாடு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் குறியீடு வந்தது. முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர். பாவனையைக் குறைத்தது ஒதுக்கீடுதான், கியூஆர் அல்ல என்று வாதிடலாம், அது சரியே. ஆனால் ஒரே வண்டி திரும்பத் திரும்ப வரிசையில் நின்று கான்களில் சேர்ப்பதற்கு வழி அடைபட்டது, வரிசையும் குறைந்தது. நல்ல போன் இல்லாதவர்கள் கடையில் அச்செடுத்து, லெமினேட் செய்து வண்டியில் வைத்துக்கொண்டார்கள். காகிதத்திலும் வேலை செய்ததால்தான் அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஓர் ஆப் என்ற போக்கை நாங்கள் ஏற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அருகிலுள்ள காசல்ரி நீர்த்தேக்கத்தின் தண்ணீர், 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்கி நாட்டுக்கு வெளிச்சம் தருகிறது. லயங்களுக்குக் கரண்ட் வந்ததோ வெகு தாமதமாக. இரண்டு பல்பும் ஒரு டிவியும் உள்ள வீட்டை இன்னும் குறைக்கச் சொல்வது எமது நோக்கமல்ல. பெரிய சேமிப்பு ஸ்டோரில் இருக்கிறது, கம்பனிகள் அங்கே தொடங்கட்டும். வீட்டுக்கு வேண்டியது, பில் எகிறும் முன்னரே தெரியவரும் ஓர் எச்சரிக்கை.

புதிய பில்லோ ஸ்மார்ட் மீட்டரோ இறுதியாக்கப்படுமுன், மாதிரியைத் தோட்டத்து வீடுகளில் காட்டிப் பார்க்குமாறு மின்சாரம் வழங்குபவர்களையும், புதிய விசிறிப் பலகை வாங்குமுன் வாட்டும் தொட்டியில் நிற்பவரிடம் கேட்குமாறு கம்பனிகளையும் கோருகிறோம். வீடுகளையும் ஆட்களையும் ஏற்பாடு செய்துதர நாங்கள் தயார்.